சோப்பு தீரும் வரை

கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டியின் மூடியைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலோர் பார்ப்பதில்லை. உள்ளே ஒரு பந்து மிதக்கும். தண்ணீர் இறங்கினால் பந்தும் இறங்கும். அது இறங்கும்போது அதோடு சேர்ந்த கை, வால்வைத் திறக்கும். தொட்டி நிறைந்ததும் பந்து மேலே வந்து வால்வை மூடிவிடும். மின்சாரம் வேண்டாம், காவலுக்கு ஆளும் வேண்டாம். தகாவோகா நகரில் எங்கள் தொழிற்சாலை செய்வது இந்தப் பந்தையும் கையையும்தான். இருபத்தெட்டு வருடமாக அவற்றைக் கடைசியாகச் சோதித்து வெளியே அனுப்புகிறவன் நான். பெயர் இசொகாய்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு பந்தை மேலே தூக்கி வால்வு மூடும் சத்தத்துக்காகக் காத்திருந்தபோது எனக்குத் தலைவலி வந்தது. அதற்கு முன் வாழ்க்கையில் வந்த தலைவலியெல்லாம் வெறும் ஒத்திகை என்று அப்போது தெரிந்தது. மூளைக்கு அடியில் ஒரு ரத்தக்குழாய் பட்டாணி அளவு உப்பி வெடித்திருந்தது. மருத்துவர்கள் மண்டையைத் திறந்து அதன் கழுத்தில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். கிளிப்பின் படத்தைப் பிறகு கேட்டு வாங்கிப் பார்த்தேன். துணி காயப்போடும் கிளிப்பின் தத்துவம்தான், ஆனால் ஸ்பிரிங் அபாரம்.

அதன் பிறகு மறுவாழ்வு மருத்துவமனையில் மூன்று மாதம். அங்கே பதினெட்டு விஷயங்களுக்கு மதிப்பெண் போடுவார்கள். சாப்பிடுவது, சட்டை போடுவது, படியேறுவது, கேட்டதற்குப் பதில் சொல்வது என்று ஒவ்வொன்றுக்கும் ஏழு. ஜூலையில் நான் நூற்றிருபத்தாறுக்கு நூற்றிருபத்தாறு வாங்கினேன். பள்ளியில் எந்தப் பாடத்திலும் முழு மதிப்பெண் வாங்கியவனில்லை என்பதால் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது. எனக்குப் பயிற்சி கொடுத்த மினோவா என்ற பெண் மட்டும் கை தட்டவில்லை.

"இசொகாய்-சான், இந்த மார்க் எல்லாம் உங்களால சட்டை போட முடியுமான்னு கேக்குது. போட்டு முடிச்சப்புறம் உங்ககிட்ட என்ன மிச்சம் இருக்குன்னு கேக்கல."

மிச்சம் ஒன்றும் இருக்காது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். சட்டை போட்டு, படியிறங்கி, இரண்டு பேரோடு பேசி முடித்தால் நான் சட்டென்று தீர்ந்துவிடுவேன். இது ஓடியாடி வேலை செய்தவனுக்கு வரும் களைப்பு இல்லை. அந்தக் களைப்பு பாதியிலேயே குரல் கொடுக்கும். கால் வலிக்கும், கொட்டாவி வரும், உட்கார் என்று சொல்லும். என் களைப்பு குரலே கொடுப்பதில்லை. வெளிச்சமும் சத்தமும் பேச்சும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருக்கும், நான் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பேன், அடுத்த நிமிடம் தொட்டியின் அடித்தளம் தெரியும்.

"பந்து மாட்டிக்கிச்சு. தண்ணி எறங்குறது பந்துக்குத் தெரியல" என்று அவளிடம் சொன்னேன்.

அவளுக்கு அந்த உவமை பிடித்துப்போய்க் குறித்துக்கொண்டாள். வைத்தியமும் அதை ஒட்டியே இருந்தது. பந்து வேலை செய்யாவிட்டால் கடிகாரம் பார்த்துத் தண்ணீர் விட வேண்டும். பத்து மணிக்கு ஒரு முறை, ஒரு மணிக்கு ஒரு முறை, மூன்றரைக்கு ஒரு முறை, ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் இருட்டில் கண்ணை மூடிப் படுக்க வேண்டும். தொலைபேசி கூடாது. முக்கியமானது, களைப்பு வருவதற்கு முன்பே படுக்க வேண்டும். நன்றாக இருக்கிறதே என்று தோன்றும் நேரம்தான் படுக்க வேண்டிய நேரம். எவ்வளவு நாளைக்கு என்று கேட்டேன். சிலருக்கு மாதக் கணக்கு, சிலருக்கு வருடக் கணக்கு, சிலருக்குப் போவதே இல்லை என்று ஒளிக்காமல் சொன்னாள்.

வீட்டில் அது கச்சிதமாக நடந்தது. நடந்ததற்கு அத்தாட்சி இரவுச் சாப்பாடு. என் மனைவி ஃபுமியே சாப்பாட்டு மேஜையில்தான் பேசுவாள். எங்கள் தெருவின் குப்பைப் பிரிப்புக் குழுவுக்கு அவள் செயலாளர். தலைவி ஒகிதா அம்மாளுக்கும் அவளுக்கும், தயிர் டப்பாவின் மூடி பிளாஸ்டிக்கா காகிதமா என்பதில் தொடங்கி மூன்று வருடமாகப் போர். மருத்துவமனையில் நான் கிடந்த நாலு மாதமும் இதையெல்லாம் சொல்லாமல் சேர்த்து வைத்திருந்தாள். மினோவாவின் கடிகாரப்படி படுத்து எழுந்தால் ஏழு மணிக்கு மேஜையில் நான் முழு ஆளாக இருப்பேன். எதிரே அவள் மீனின் முள்ளை எடுத்தபடி போர்ச் செய்தி வாசிப்பாள். எனக்குத் திரும்ப வேண்டியிருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். கிளிப், மதிப்பெண் எல்லாம் அதற்காகத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு சோப்பு வந்தது.

நோயாளியைப் பார்க்கப் பண உறையோடும் முலாம்பழத்தோடும் வந்தவர்களுக்கு, குணமானதும் பதிலுக்கு ஏதாவது அனுப்ப வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அனுப்புவது தீர்ந்துபோகிற பொருளாக இருக்க வேண்டும். சோப்பு, சர்க்கரை, தேயிலை. தட்டோ கடிகாரமோ அனுப்பினால் நோயும் அதோடு தங்கிவிடுமாம். ஆகஸ்டில் ஃபுமியே என்னைப் பல்பொருள் அங்காடியின் பரிசுப் பிரிவுக்கு அழைத்துப் போனாள். யூசு எலுமிச்சை வாசம் அடிக்கும் சோப்பு, பெட்டிக்கு மூன்று கட்டி, நாற்பத்தொரு பெட்டி. பெட்டியின் மேல் சுற்றும் வெள்ளைத் தாளில் என்ன எழுதுவது என்று கவுண்டர் பெண் கேட்டாள்.

"முழுசா சரியாயிட்டா 'பூரண குணம்'னு போடுவோம். டிஸ்சார்ஜ் ஆகி இன்னும் வைத்தியம் நடந்துட்டிருந்தா 'வந்து பார்த்ததுக்கு நன்றி'ன்னு மட்டும். சாருக்கு எதும்மா?"

யோசித்துப் பாருங்கள். பதினெட்டு மதிப்பெண் கட்டத்திலும் இடமில்லாத என் நிலைமைக்கு, இந்தப் பரந்த நாட்டில் ஒரு கட்டம் இருந்தது. அது சோப்புக் கவுண்டரில் இருந்தது. அந்த ஒரு நொடியில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஆனால் அங்கே கூரை முழுக்க விளக்கு, மூன்று பக்கமும் பாட்டு, தள்ளுபடி அறிவிப்பு. என் தொட்டி எப்போதோ வற்றியிருந்தது.

"நன்றின்னு மட்டும் போட்டா என்னமோ உயிருக்குப் போராடுறவர்னு நெனச்சுப்பாங்க. நூத்திருபத்தாறு மார்க் வாங்கினவரு. பூரண குணம்னே போடுங்க. என்னங்க, சரிதானே?" என்றாள் ஃபுமியே.

நான் தலையாட்டினேன். அந்த நேரத்தில் யாராவது என்னைத் திமிங்கிலம் என்று சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பேன்.

செப்டம்பரில் வேலைக்குத் திரும்பினேன். ஆறு வாரம் அரை நாள் வேலை, நடுவில் ஓய்வு என்று மருத்துவமனை எழுதிக் கொடுத்திருந்தது. கடிதத்துக்கு முன்பே சோப்பு போய்ச் சேர்ந்துவிட்டது. இயக்குநர் குராமோச்சி காலைக் கூட்டத்தில் என்னை முன்னால் நிறுத்தி, பூரண குணமடைந்த இசொகாய்க்கு வாழ்த்துத் தெரிவித்தார். முப்பத்தெட்டு பேர் கைதட்டினார்கள். பிறகு என்னை அறைக்கு அழைத்து, கடிதத்தை விரித்து வைத்தார்.

குராமோச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கெட்ட மனிதர் இல்லை. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்கு மூச்சு முட்டும், அவ்வளவுதான். திருமணம், சாவு, நோய் எதுவானாலும் எங்கள் தொழிற்சாலையின் சார்பில் என்ன எழுத வேண்டும், எந்த முடிச்சுப் போட்ட உறையில் வைக்க வேண்டும் என்பதற்கு அவர் அலமாரியில் மூன்று கையேடுகள் உண்டு. மூன்றும் அவருக்கு மனப்பாடம்.

"கடிதத்துல 'களைப்பு'ன்னு போட்டிருக்கு. களைப்பு எனக்கும்தான் இருக்கு. இங்க முப்பத்தெட்டு பேருக்கும் இருக்கு" என்றார்.

அதை மறுக்க முடியாது. வேலை முடிந்து கிளம்பும்போது நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதே 'களைச்சுப் போயிருப்பீங்க' என்பதுதான். நாள் முழுக்க நாற்காலியில் சும்மா சுழன்றுகொண்டிருந்தவனுக்கும் அதே மரியாதை உண்டு. நாடே களைத்திருக்கும் இடத்தில் ஒருவன் தன் களைப்புக்குக் கடிதம் கொண்டுவந்தால் அகங்காரமாகத்தான் தெரியும்.

மேலும் ஓய்வறை விதியில் 'நோயுற்ற ஊழியர்' பயன்படுத்தலாம் என்று இருந்தது. நான் நோயுற்றவன் இல்லை என்பதற்கு என் கையாலேயே அனுப்பிய சாட்சி அவர் வீட்டில் மூன்று கட்டியாக இருந்தது. போதாததற்கு எங்கள் தொழிற்சாலை, ஊழியர் நலத்தைப் பேணுவதற்காக மாவட்ட விருது வாங்கியது. 'ஓய்வும் ஒரு வேலையே' என்ற சுவரொட்டி எல்லா நடையிலும் தொங்குகிறது. அதைத் தயாரித்த நலக்குழு இரண்டு வாரம் வேலை நேரத்துக்குப் பிறகும் தங்கி உழைத்தது. ஓய்வறையின் கதவில் அந்த விருதை மாட்டியிருந்ததால், கதவைத் திறந்தால் விருது ஆடும் என்று யாரும் திறப்பதில்லை.

ஆக முழு நாள் வேலை. காலையில் எல்லோரோடும் வானொலி உடற்பயிற்சி, பிறகு எட்டு மணி நேரம் பந்தையும் கையையும் வார்க்கும் அச்சு இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே வால்வின் மெல்லிய சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பது. வேலையில் ஒரு பிழையும் விடவில்லை. இருந்த தண்ணீரையெல்லாம் அங்கேயே ஊற்றிவிட்டேன். வீட்டுக்கு வரும்போது சட்டை மட்டும் வந்தது.

முதல் வாரம் ஃபுமியே பேசினாள், நான் தலையாட்டினேன். இரண்டாவது வாரம் அவள் ஒகிதா அம்மாளைப் பற்றி ஏதோ கேட்டாள், நான் "நல்லது" என்றேன். அது நல்லது என்று சொல்லக்கூடிய விஷயம் இல்லை போலும். மூன்றாவது வாரம் கையில் சாப்பாட்டுக் குச்சிகளைப் பிடித்தபடியே தூங்கி மீசோ சூப்பில் சட்டைக் கையை நனைத்துக்கொண்டேன்.

"நான் கோட் மாட்டுற ஸ்டாண்டோட பேசிட்டிருக்கேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. துணியால் என் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். சற்று நேரம் கழித்து, "அந்தத் தாள்ல என்ன எழுதணும்னு சொன்னது நான்தான்" என்றாள்.

மறுநாளிலிருந்து அவள் குப்பைக் குழுவைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். என்னைக் களைப்படையச் செய்யக் கூடாதாம். தட்டுகளின் சத்தம்கூட வராமல் பார்த்துக்கொண்டாள். அந்த மேஜை இன்னும் ஒரு மாதம் அப்படியே இருந்தால் அது அப்படியே நிலைத்துவிடும் என்று எனக்குப் பயம் வந்தது. மாட்டிக்கொண்ட பந்துகளை எனக்குத் தெரியும். முதல் மாதம் தட்டினால் கழன்றுவிடும். பிறகு சுண்ணாம்பு படியும், அதற்கப்புறம் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

அக்டோபர் நடுவில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்கு முன் தொழிற்சாலை வாஷ்பேசினில் கை கழுவினேன். யூசு வாசம் வந்தது. பழைய பச்சை சோப்பு இருந்த இடத்தில் என் சோப்பு.

பக்கத்தில் கழுவிக்கொண்டிருந்த அச்சுப் பிரிவு மேற்பார்வையாளர் சுகுதா அம்மாள் விளக்கம் சொன்னார். "டைரக்டர் வெச்சார். அவர் வீட்ல அழுத்தினா வர்ற திரவ சோப்புதான் பயன்படுத்துவாங்களாம். ஒரு கட்டி இங்க, ரெண்டு கட்டி அவர் மேஜையில. உன் நோயில நாங்க எல்லாரும் கை கழுவுறோம், இசொகாய்."

சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டு போனார். நான் குழாயை மூட மறந்து நின்றேன். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறது என்று ஆரம்பம் முதல் யோசித்துப் பார்த்தால் எங்காவது ஒரு திருகு தென்படும். சாப்பாட்டை விட்டுவிட்டு நேரே குராமோச்சியின் அறைக்குப் போனேன். அன்று எஞ்சியிருந்த தண்ணீர் முழுவதையும் அதற்கே செலவழிப்பது என்று தீர்மானம்.

"ஐயா, நோய் முடிஞ்சா ஏன் சோப்பு அனுப்புறோம்? தட்டு அனுப்பலாமே?"

"தட்டு கூடாது. வீட்ல தங்கிடும்." கையேட்டைப் பார்க்காமலே சொன்னார். "சோப்பு கரைஞ்சு போகும். அது கரையுற மாதிரி நோயும் கரைஞ்சு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றார்.

"வாஷ்பேசின்ல இன்னும் முக்கால் கட்டி இருக்குங்க" என்றேன்.

அவர் எழுந்து மூன்று கையேடுகளையும் எடுத்து அந்தந்தப் பக்கத்தைப் புரட்டினார். மூன்றிலும் தீர்ந்துபோகும் பொருள் என்றுதான் இருந்தது. தீரும் வரை பெற்றவரும் கொடுத்தவரும் என்ன நிலையில் இருக்கிறார்கள் என்பதை எந்தக் கையேடும் சொல்லவில்லை. விதியில் இருந்த அந்த ஓட்டை அவரை என் ரத்தக்குழாயைவிட அதிகமாகக் கலங்க வைத்தது என்று நினைக்கிறேன்.

"அப்போ, தீர்ற வரைக்கும் உங்க நோய் இன்னும் முடியல" என்றார் கடைசியில்.

"தீர்ற வரைக்கும்."

ஒரு மருத்துவமனை முத்திரையும் நரம்பு மருத்துவர் கையெழுத்தும் செய்யாததைச் சோப்பு செய்தது. 'வாஷ்பேசின் சோப்பு தீரும் வரை நாளொன்றுக்கு மூன்று முறை, தலா இருபது நிமிடம்' என்று அனுமதிச் சீட்டு எழுதி, மூன்று முத்திரைகள் குத்தினார். விருது ஆடக் கூடாது என்பதால் ஓய்வறை இல்லை, அட்டைப்பெட்டிக் கிடங்கு. விரித்த அட்டையின் மேல் படுத்தால் குளிர் தெரியாது, வெளிச்சம் வராது, சத்தத்தையும் அட்டை உறிஞ்சிவிடும். நலக்குழு பத்து வருடம் யோசித்தாலும் அவ்வளவு நல்ல இடத்தை வடிவமைக்க முடியாது.

அந்த வாரமே மேஜையில் பேச்சு திரும்பியது. முதலில் வானிலை, பிறகு மீன் விலை, வெள்ளிக்கிழமை தயிர் டப்பா மூடி.

ஆனால் எதையும் அளக்காமல் விட எங்கள் தொழிற்சாலையால் முடியாது. தினமும் மாலை நான்கு மணிக்குச் சோப்பைத் துடைத்துத் தராசில் வைக்க வேண்டும் என்று குராமோச்சி உத்தரவிட்டார். வாஷ்பேசினுக்கு மேலே கட்டம் போட்ட தாளை ஒட்டி அதில் புள்ளி வைத்தார்கள். எழுபத்தாறு கிராம், எழுபத்தொன்று, அறுபத்தைந்து. கோட்டை நீட்டிப் பார்த்தால் இன்னும் இரண்டு வாரம்கூட இல்லை. என் மூளை வருடக் கணக்கு கேட்கிறது, முப்பத்தெட்டு ஜோடிக் கைகள் பன்னிரண்டு நாள் கொடுக்கின்றன. ஒவ்வொரு மாலையும் நான் அந்தத் தாளின் முன்னால் நின்றேன். நான் நிற்பதை மற்றவர்களும் பார்த்தார்கள்.

இரண்டாவது வாரம் கோடு சரிவதை நிறுத்திக்கொண்டது. நாற்பத்தெட்டு, நாற்பத்தேழு, நாற்பத்தேழு. முழங்கை வரை எண்ணெய் அப்பிய சுகுதா அம்மாள் வெறும் தண்ணீரில் கையை அலசிவிட்டு, "எனக்கு இன்னிக்குக் கை அழுக்காகவே இல்ல" என்று சொல்லிப் போனார். அச்சுப் பிரிவில் ஒருவன் சாப்பாட்டுக்குச் சொந்தத் துண்டும் வீட்டுச் சோப்பும் கொண்டுவர ஆரம்பித்தான். யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. சுத்தக் குழு பதறிப்போய் 'சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்' என்று சுவரொட்டி ஒட்டியது. அதை எண்ணெய்க் கையோடு எல்லோரும் நிதானமாக வாசித்தார்கள். மாவட்டத்தின் நலவிருது பெற்ற தொழிற்சாலையில் என் ஒருவனுடைய நலத்துக்காக முப்பத்தெட்டு பேர் சுகாதாரத்தைத் துறந்திருந்தார்கள்.

ஆனாலும் சோப்பு சோப்புதான். ஈரம் பட்டால் கரையும். நவம்பர் கடைசியில் கடல் மேல் குளிர்கால இடி இடிக்கத் தொடங்கியபோது அது ஒன்பது கிராம். வெற்றிலை மாதிரி மெலிந்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் விரல் தெரிந்தது. அந்த வெள்ளிக்கிழமை சாப்பாட்டின் போது ஃபுமியே பேச்சை நிறுத்தி, "இன்னும் எத்தன கிராம்?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் மறுபடி பேச்சைத் தொடரவில்லை.

திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்குச் சுகுதா அம்மாள் தராசைப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மறுபடி வைத்தார். தொண்ணூற்றேழு கிராம். யூசு வாசம் வாசல் வரை வந்தது.

தரக்கட்டுப்பாட்டில் ஒரு விதி உண்டு. கோட்டை விட்டு ஒரு புள்ளி துள்ளினால் அதற்கு அறிக்கை எழுத வேண்டும், இயக்குநர் கையெழுத்திட வேண்டும். குராமோச்சி வந்தார். நாங்கள் எல்லோரும் வேறு வேலை இருப்பதுபோல் அங்கேயே நின்றோம். மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு தாளைப் பார்த்தார், சோப்பைப் பார்த்தார். அறிக்கைப் படிவத்தை எடுத்து நின்றபடியே நிரப்பினார். காரணம்: அளவீட்டுப் பிழை. நடவடிக்கை: தேவையில்லை. முத்திரை குத்திப் படிவத்தை ஆணியில் மாட்டிவிட்டு, "களைச்சுப் போயிருப்பீங்க" என்று பொதுவாகச் சொல்லிக் கிளம்பினார்.

அவர் போனபின் அருகில் போய்ப் பார்த்தேன். 'மீண்டும் நிகழாமல் தடுக்கும் வழி' என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார். இருபத்தெட்டு வருடத்தில் அவர் காலியாக விட்டு நான் பார்த்த முதல் கட்டம் அது. அவர் மேஜையில் இனி ஒரு கட்டிதான் இருக்க வேண்டும். ஆனால் நாற்பத்தொரு பெட்டி அனுப்பியிருக்கிறோம், அதில் பாதிக்கு மேல் இந்தத் தொழிற்சாலைக்காரர்கள் வீட்டில்தான் இருக்கின்றன. கணக்குப் போட ஆரம்பித்து, அது தண்ணீரைக் குடிக்கும் வேலை என்று நிறுத்திக்கொண்டேன்.

அன்று இரவு முள்ளங்கியோடு வேகவைத்த குளிர்கால மீன். செய்தியைச் சொன்னதும் ஃபுமியே அடுப்புப் பக்கம் திரும்பி நின்று கொஞ்ச நேரம் எதையோ கிளறினாள். அடுப்பு எரிந்துகொண்டிருக்கவில்லை. பிறகு வந்து உட்கார்ந்து, வெள்ளிக்கிழமையிலிருந்து நிறுத்தி வைத்திருந்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டாள். ஒகிதா அம்மாள் பொதுக்கூட்டத்தில் மூடியைப் பற்றி வாக்கெடுப்பு வைத்ததையும், அதில் இரண்டு ஓட்டு செல்லாது என்று சொன்னதையும், அந்த இரண்டில் ஒன்று ஃபுமியேயுடையது என்பதையும் ஒன்றுவிடாமல் கேட்டேன். நாற்பது நிமிடம். ஒரு வார்த்தை தவறவில்லை.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள்.

நான் யோசித்துச் சொன்னேன். "உண்மையைச் சொல்லப்போனா அந்த மூடியோட உள்பக்கம் பிளாஸ்டிக் பூசியிருக்கும். ஒகிதா அம்மா சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு."

ஃபுமியே குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"நீங்க கோட் ஸ்டாண்டா இருந்தப்பவே நல்லா இருந்தீங்க" என்று சொல்லிவிட்டு, மீனின் பெரிய துண்டை என் தட்டிலிருந்து எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள்.